நூற்று அறுபத்திரண்டு இடது காதுகள்

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் மேலாளர்.

கூட்ட அறையின் சுவர்த் திரையில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் உருட்ட உருட்ட அது முடிவேனா என்றது. அவள் டீக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தான் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக மேடையேறித் தலைகுனிந்துவிட்டுப் போவதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஏழு பாகங்கள் வந்துவிட்ட வீடியோ கேம் அது. அந்த ஏழிலும் ஓடுகிற, பறக்கிற, நீந்துகிற, விளையாடுகிறவர்களைத் துரத்தி அடிக்கிற மிருகங்கள் மொத்தம் நூற்று அறுபத்திரண்டு. அத்தனையும் அவள் வரைந்தவை. அலுவலகத்தில் அவளுக்கு 'மிருகம்மா' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்; பிறகு பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது யாரோ ஒருவர், பெயர் போடாத ஆசாமி, நூற்று அறுபத்திரண்டையும் வரிசைப்படுத்தி இணையத்தில் போட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். இடது காதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் ஒரே வரி: 'இடது காது நுனி மடிப்பு – காணப்பட்டது.'

"இது பாம்பு. பாம்புக்கு எதுக்குங்க காது?" என்றார் மேலாளர்.

"அது செதில் சார்."

"மடிஞ்சிருக்கே."

"மடிஞ்ச செதில்."

மேலாளர் அடுத்ததற்கு உருட்டினார். "இது மீன்."

மீனுக்குக் காது வைத்தது எந்த வருஷம் என்று அவளுக்கே நினைவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். மிருகங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவள். எல்லாரும் 'சாயம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "நாலாம் பாகத்துல ஆத்தோரத்துல ஒண்ணு தூங்குமே மேடம், அதைக்கூடப் பிடிச்சிருக்காரு பாருங்க. முள்புதரைத் தாண்டி நீந்திப் போனாத்தான் அது கண்ணுல படும். முக்கால்வாசிப் பேர் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம விளையாடி முடிச்சிருப்பாங்க."

அவளுக்கும் அது மறந்துபோயிருந்தது. படத்தில் அது வயிற்றைத் தரையில் பரப்பிக்கொண்டு, மடிந்த காதோடு நிம்மதியாகத் தூங்கியது.

பட்டியல் போட்டவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைச் செய்ய வேறு ஆட்கள் இருந்தார்கள். கீழே நாற்பதாயிரம் பேர் எழுதியிருந்தார்கள். 'ஒரே மிருகத்துக்கு ஏழு தடவை பெயின்ட் அடிச்சு வித்திருக்காங்க' என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையானது.

"வெள்ளிக்கிழமை எட்டாம் பாகத்தை மூடறோம், அப்புறம் எதையும் மாத்த முடியாது," என்றார் மேலாளர். "அதுக்குள்ள எனக்கு ஒரு புது மிருகம் வேணும். ஒண்ணே ஒண்ணு. பார்க்கிறவன் 'அட, இதை அவங்களா வரைஞ்சாங்க'ன்னு கேக்கணும்."

"முடியலன்னா?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்திக்கு முன்னால் அவர் கண்ணாடி எப்போதும் அழுக்காகிவிடும். "ஒன்பதாம் பாகத்துக்கு வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். இதைச் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா?"

அவள் தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் உடம்புக்கேற்பக் குழிந்துபோன நாற்காலி. அது போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் உறுத்தியது வேறொன்று. நாற்பதாயிரம் பேரும் அவள் தன்னையே காப்பியடிக்கிறாள் என்றுதான் திட்டியிருந்தார்கள். உண்மை அதைவிட மோசம். அந்தக் காது அவளுடையதே அல்ல.

அது அக்காவுடைய காது.

அவளுக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதிமூன்று. ஒரே மேஜையின் இரண்டு பக்கங்களில் வீட்டுப்பாடம். அக்கா கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒரு மிருகம் வரைந்தாள். பெரிய வயிறு, குட்டைக் கால், தூக்கத்தில் எழுப்பிவிட்ட முகம். வலது காது விறைப்பாக வந்தது. இடது காதுக்குப் பாதியில் அட்டையின் ஓரம் வந்துவிட்டது. அக்கா ஒரு நொடி பென்சிலைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு, "தாள் முடிஞ்சுபோச்சுடி," என்று சொல்லி, காது நுனியை உள்பக்கமாக மடித்து முடித்துவிட்டாள்.

அக்கா அதற்குப் பிறகு எதையும் வரைந்ததாக நினைவில்லை. படித்தாள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போனாள், நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணினாள். வரைந்ததெல்லாம் தங்கைதான். முதல் பாகத்துக்கு முதல் மிருகத்தை வரைந்தபோது கணினித் திரைக்கு ஓரமே இல்லை. காதைத் தெருக்கோடி வரை நீட்டியிருக்கலாம். ஆனால் நுனி வந்ததும் கை தானாக மடித்தது.

அந்தக் காதுதான் ஊரெல்லாம் பேசப்பட்டது. ஒரு பேட்டியில் கேட்டார்கள், "இது எப்படித் தோணுச்சு?" 'எங்க அக்கா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "கனவுல வந்துச்சு."

எதிரே இருந்தவர் ஆஹா என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு நொடிக்குப் பிறகு அக்காவின் போனை எடுப்பது கஷ்டமாகிவிட்டது. முதலில் 'மீட்டிங்ல இருக்கேன்' என்று செய்தி அனுப்பினாள். அப்புறம் அதுவும் இல்லை. பதினோரு வருஷத்தில் கல்யாண வீடுகளில் நாலு தடவை பார்த்துக்கொண்டார்கள், பல் தெரியாமல் சிரித்துக்கொண்டார்கள். "எங்க அக்கா எங்கிட்ட பேசறதில்ல," என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பவும் ஆரம்பித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காதே இல்லாத மிருகம் ஒன்றை வரைந்தாள். காது இருந்தால்தானே மடியும்? வழுவழு மண்டை, உருண்டைக் கண். மத்தியானம் அதை எலும்புக்காரரிடம் கொடுத்தாள்.

எலும்புக்காரர் என்றால், வரைந்த மிருகத்துக்குள் எலும்புக்கூடு வைத்து அதை நடக்க வைக்கிறவர். புதிதாக ஒரு எலும்புக்கூடு செய்ய மூன்று மாதம் ஆகும். அதனால் முதல் பாகத்திலிருந்தே எல்லா மிருகத்துக்குள்ளும் ஒரே எலும்புக்கூடுதான். பெரிய மிருகமா, இழுத்து வைப்பார். சின்னதா, அமுக்கி வைப்பார்.

சாயங்காலம் கூப்பிட்டார். "வந்து பாரும்மா உன் பிள்ளையை."

மிருகம் நாலு அடி நடந்தது. ஐந்தாவது அடியில் அதன் இடது நெற்றிப்பொட்டு 'டப்' என்று துடித்தது. மறுபடி நாலு அடி. மறுபடி 'டப்'.

"என்ன சார் இது?"

"காது எலும்பு. காதை நீ எடுத்துட்ட. எலும்பு உள்ளயே இருக்கே. மடிக்கறதுக்குக் காதைத் தேடுது, பாவம்."

"நிறுத்த முடியாதா?"

"தைலம் தடவிப் பார்க்கலாம்."

சாயம் நாற்காலியோடு உருண்டு வந்தாள். "ஐயோ மேடம், ஒத்தைத் தலைவலி வந்த மாதிரி இருக்கு. இதைப் போய் எப்படி வாளால வெட்டுறது? அரை நாள் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பத்தான் தோணுது."

புதன்கிழமை அவள் தலையையே எடுத்துவிட்டாள். தலை, கால், வால் எதுவும் கிடையாது. உருண்டு வந்து மோதுகிற ஒரு பந்து. எலும்புக்காரர் பெருமூச்சு விட்டு, எலும்புக்கூட்டை மடக்கி உள்ளே திணித்தார். பந்து உருளவில்லை. உள்ளிருந்த கால்கள் நடந்தன, முழங்கைகள் இடித்தன.

மேலாளர் பின்னால் வந்து நின்று பார்த்தார். "இது என்னங்க, யாரையோ சாக்குல கட்டிப் போட்ட மாதிரி இருக்கு?"

"பயமா இருக்கா சார்?" என்றாள் அவள் ஆசையோடு.

"போலீஸுக்குப் போன் பண்ணலாம் போல இருக்கு."

"மேல பாருங்க," என்றாள் சாயம் மெல்ல. "இடது பக்கம்."

பந்தின் உச்சியில், சற்றே இடதுபுறமாக, தோலுக்கடியிலிருந்து ஏதோ ஒன்று முட்டிக்கொண்டு எழுந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நுனி மடிந்தது.

"நூத்தி அறுபத்தி மூணு," என்றார் மேலாளர். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழன் காலை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இடது கையால் வரைந்தாள். வலது கைதானே பழக்கதோஷத்தில் மடிக்கிறது; இடது கைக்கு என்ன தெரியும்? கோடுகள் எங்கெங்கோ போயின. ஏதோ விடுதலை கிடைத்தாற்போல இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். இடது காது கொடிக்கம்பம் போல நேராக நின்றது.

"சாயம்! இங்க வா! இடது காது நேரா இருக்கு பாரு!"

சாயம் பார்த்தாள். இப்படித் திருப்பிப் பார்த்தாள், அப்படித் திருப்பிப் பார்த்தாள். மனசு கேட்காமல்தான் சொன்னாள். "வலது காது மடிஞ்சிருக்கு மேடம்."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோம்பேறித்தனம் என்கிறார்கள், கற்பனை வற்றிவிட்டது என்கிறார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: எவ்வளவு பெரிய தாளை எடுத்தாலும், அந்த இடம் வரும்போது அவளுக்குள் எங்கோ ஒரு தாள் முடிந்துபோகிறது. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பென்சிலைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

மத்தியானம் மேலாளர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"உங்க பிரச்சினையைத் தீர்த்துட்டேன். அறிக்கை விட்டாச்சு. 'எட்டாம் பாகத்தில் எந்த மிருகத்துக்கும் மடிந்த காது இருக்காது. இது எங்கள் ஓவியரின் வாக்குறுதி.'"

"நான் எப்ப சார் வாக்குறுதி கொடுத்தேன்?"

"பத்து நிமிஷம் முன்னாடி. அதுக்குள்ள ஆறாயிரம் பேர் கைதட்டியிருக்காங்க."

"எந்த மிருகத்துக்கும்னு போட்டீங்களா?"

"ஆமா."

"சார், பழைய நூத்தி அறுபத்திரண்டும் எட்டாம் பாகத்துல திரும்ப வருதே. பெரிய சண்டையில. நீங்கதானே கேட்டீங்க?"

மேலாளரின் கண்ணாடி உடனே அழுக்காகிவிட்டது.

ஒரு மிருகம் போய் நூற்று அறுபத்து மூன்றாகிவிட்டது. இருந்த நேரமோ ஒரு ராத்திரி, ஒரு பகல். அவளும் மேலாளரும் சாயமும் எலும்புக்காரரின் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அவர் சாவகாசமாக டீயைக் குடித்து முடித்தார்.

"ஒரு வழி இருக்கு. எல்லாத்துக்கும் உள்ள இருக்கறது ஒரே எலும்புக்கூடு. அதுலேர்ந்து அந்தக் காது எலும்பைப் பிடுங்கிட்டா, எல்லாத்துலயும் போயிடும். பன்னிரண்டு வருஷமா சோம்பேறியா இருந்ததுக்கு இன்னைக்குத்தான் பலன் கிடைச்சிருக்கு."

"எடுத்துடுங்க," என்றார் மேலாளர்.

எலும்புக்காரர் அவளைத்தான் பார்த்தார். "யோசிச்சுக்கோம்மா. திரும்ப வைக்கணும்னா முதல்லேர்ந்து செய்யணும். மூணு மாசம். வெள்ளிக்கிழமை மூடிட்டா அதுவும் கிடையாது."

அவளுக்கு யோசிக்க என்ன இருந்தது? திருடின பொருளைக் கீழே போடச் சொல்கிறார்கள். போட்டுவிட்டால் கை சுத்தம். "எடுத்துடுங்க சார்," என்றாள்.

அவர் ஒரு பொத்தானை அமுக்கினார்.

சுவர்த் திரை முழுக்க நின்ற மிருகங்களில் ஒன்றின் இடது காது மெல்ல நிமிர்ந்தது. பிறகு அடுத்தது. பிறகு வரிசை வரிசையாக. பாம்பு நிமிர்த்தியது, மீன் நிமிர்த்தியது. ஆற்றோரத்தில் தூங்கியதுகூடத் தூக்கத்திலேயே நிமிர்த்தியது. வாசலில் யாரோ வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல அத்தனையும் காதைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவளுக்கே ஒரு கணம் திரும்பி வாசலைப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

"அடேயப்பா!" என்றார் மேலாளர். "எல்லாமே புதுசா இருக்கே!"

தலைவலி மிருகத்துக்கும் தலைவலி நின்றுபோயிருந்தது. அதுவே புது மிருகமாக உள்ளே போயிற்று. வெள்ளிக்கிழமை மாலை எட்டாம் பாகத்தை மூடினார்கள். ஒன்பதாம் பாகமும் அவளுக்குத்தான் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். திட்டிய நாற்பதாயிரம் பேரில் பாதிப்பேர் கைதட்டினார்கள். பட்டியல் போட்டவர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவள் ஐந்தாறு தடவை அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை ஒரு பை ஆப்பிளை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். மூன்றாவது மாடி. மணியை அடிக்கக் கையைத் தூக்கியவள் இரண்டு தடவை இறக்கினாள். மூன்றாவது தடவை தூக்கி அடிக்கும் முன்பே கதவு திறந்தது. குப்பைப் பையோடு அத்தான்.

"யாரு? சின்னவளா! ஏய், யாரு வந்திருக்கான்னு ஓடி வந்து பாரு!" குப்பைப் பையோடு உள்ளே திரும்பிவிட்டார்.

உள்ளே ஏதோ தடதடவென்று சத்தம். அவள் கூடத்துக்குள் போனபோது அக்கா டிவிக்குப் பக்கத்தில் எதன் மேலோ ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"வா," என்றாள் அக்கா, நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவளைப் போல. "இளைச்சுட்டியே."

"உக்காரும்மா, உக்காரு," என்றார் அத்தான். "டிவி போடவா? இன்னைக்குப் போடலாம். இந்த வீட்ல எனக்கு டிவி கிடைக்கிறதே அபூர்வம்."

"குப்பையைக் கொட்டிட்டு வாங்க," என்றாள் அக்கா. அத்தான் போனார்.

அக்கா டீ போட்டாள். இருவரும் சமையலறை மேஜையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்தார்கள். அக்காவின் தலையில் நரை கூடியிருந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருந்தது. நாள் முழுக்க அணுக்களை எண்ணுகிற கை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்தக் காது உன்னோடது. கனவுல வந்துச்சுன்னு நான் பேட்டியில..."

"தெரியும். படிச்சேன்."

"கோவமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு நாலு நாள்."

"நாலு நாளா? பதினோரு வருஷமா நீ எங்கிட்ட..."

"நானா?" அக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். "நாலு நாள் கழிச்சுப் போன் பண்ணேன். மீட்டிங்ல இருக்கேன்னு அனுப்பின. சரி, முடியட்டும்னு இருந்தேன். பெரிய மீட்டிங்தான் போல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. இரண்டையும் டீக் கோப்பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இவ்வளவு சின்னக் கதவா? இதைத் திறக்கவா இத்தனை வருஷம்?

"இனிமே அந்தத் தப்பு இல்லக்கா," என்றாள் அவசரமாக. மன்னிப்போடு சேர்த்துத் தர ஒரு பரிசும் இருக்கிறதே. "உன் பொருளை உங்கிட்டயே கொடுத்துட்டேன். எட்டாம் பாகத்துல அந்தக் காதை எடுத்தாச்சு."

அக்காவின் விரல்கள் நின்றன. "எதுல?"

"எல்லாத்துலயும்."

"பழசுல இருக்குமே?"

"அதுலயும்தான். எலும்போட பிடுங்கியாச்சு. ஒண்ணு பாக்கியில்ல."

"அந்த ஆத்தோரத்துல தூங்குமே, அதுலயுமா?"

"அதுலயும்தான்!"

அக்கா கொஞ்ச நேரம் மேஜையின் ஓரத்தையே பார்த்தாள். பிறகு, "நல்லது," என்றாள். எழுந்து, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பை ஒன்றை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். குழாயை ரொம்ப நேரம் நிறுத்தவில்லை. தண்ணீர்ச் சத்தத்தின் மேலேயே, "சாப்பிட்டுட்டுப் போலாம்ல?" என்றாள், திரும்பாமல்.

சாப்பிட்டாள். அக்கா நிறையப் பேசினாள், நிறையப் பரிமாறினாள், ஆனால் விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோலப் பரிமாறினாள். அடிக்கடி வா என்றாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனாலும் படியிறங்கும்போது எதையோ கொடுத்துவிட்டு வரப் போய், எதையோ உடைத்துவிட்டு வந்தாற்போல அவளுக்கு இருந்தது.

வழியனுப்ப அத்தான் கீழே வரைக்கும் கூட வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் அவளுக்கு உறைத்தது. முள்புதரைத் தாண்டி நீந்திப் போனால்தான் தெரியும் என்றாளே சாயம்.

கடைசிப் படியில் நின்றுவிட்டாள். "அத்தான், அக்கா வீடியோ கேமெல்லாம் பார்க்கிறவ இல்லையே. ஆத்தோரத்துல ஒண்ணு தூங்குதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

அத்தான் மேலே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இணையத்துல அந்தப் பட்டியலைப் போட்டதே உங்கக்காதாம்மா, ஒவ்வொரு பாகம் வந்ததும் லீவு போட்டு உட்கார்ந்து அந்தக் காதைத் தேடுவா, கடைசி மிருகத்துலயும் இருக்குன்னு பார்த்து, 'இவ இன்னும் என்னை மறக்கல'ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு டிவியையே கொடுப்பா."